ரெய்னி ஆற்றில் மார்ச் மாத வால்ஐ: நண்பர்களோடு பெரிய மீன் தேடிப் போக முழுமையான வழிகாட்டி

வால்ஐ என்று எழுதுவதை வாளை என்று படித்துவிட வேண்டாம். ஊரில் அம்மாவிடம் போனில் சொன்னபோது அவரும் அப்படித்தான் நினைத்தார், நீளமாக வெள்ளிப் பட்டை போல இருக்குமே அதுவா என்று கேட்டார். இது வேறு. வட அமெரிக்காவின் நன்னீர் மீன். உடம்பு பொன்னும் ஆலிவ் பச்சையும் கலந்த நிறம், வாலின் கீழ் நுனியில் ஒரு வெள்ளைத் திட்டு, கண் மட்டும் பால் படிந்த கோலிகுண்டு மாதிரி இருக்கும். அந்தக் கண்ணுக்குள்ளே பூனைக் கண்ணில் இருப்பது போல வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் உண்டு, அதனால் கலங்கிய தண்ணீரிலும் அந்தி மசங்கலிலும் இதற்கு நன்றாகப் பார்வை தெரியும். 1965 முதல் மினசோட்டாவின் மாநில மீன் இதுதான்.

நாங்கள் நான்கு பேர், மினியாபொலிஸ் பக்கம் வேலை பார்ப்பவர்கள், ஒவ்வொரு வருடமும் பனி உடையும் சமயத்தில் இந்த மீனைத் தேடி வடக்கே போகிறோம். யாராவது புதிதாகக் கேட்கும்போதெல்லாம் வாட்ஸ்அப்பில் துண்டு துண்டாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது மொத்தமாக எழுதிவிடுகிறேன்.

எங்கே, எப்போது

மினசோட்டாவுக்கும் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்துக்கும் நடுவே எல்லையாக ஓடுவது ரெய்னி ஆறு. இன்டர்நேஷனல் ஃபால்ஸ் ஊரின் அணையைத் தாண்டி மேற்கே 80 மைலுக்கு மேல் ஓடி, லேக் ஆஃப் தி வுட்ஸ் என்ற கடல் போன்ற ஏரியில் கலக்கிறது. அந்த ஏரியில் பல வருடம் தின்று கொழுத்த பெண் மீன்கள் வசந்தம் தொடங்கும்போது முட்டையிட ஆற்றுக்குள் ஏறி வருகின்றன. நமக்கு வேண்டியது அவைதான்.

மாநிலத்தின் உள்நாட்டு ஏரிகளில் வால்ஐ பருவம் பிப்ரவரி கடைசியில் மூடி, மே மாத நடுவில்தான் திறக்கும். இந்த ஆறு எல்லை நீர் என்பதால் ஏப்ரல் 14 வரை திறந்திருக்கிறது. ஆனால் 2019 முதல் மார்ச் 1 தொடங்கி ஏப்ரல் 14 வரை பிடிக்கும் ஒவ்வொரு வால்ஐயையும் திரும்ப ஆற்றில் விட்டுவிட வேண்டும், சிறியதோ பெரியதோ ஒன்றைக்கூட வைத்துக்கொள்ளக் கூடாது. விதிகள் மாறக்கூடியவை, ஆகவே கிளம்பும் முன் மாநில இயற்கை வளத்துறையின் அந்த வருடக் கையேட்டை ஒருமுறை பார்த்துவிடுங்கள். உரிமமும் அப்போதே வாங்கிவிடலாம், புது உரிம ஆண்டு மார்ச் 1-ல் தொடங்குகிறது. 16 வயதும் அதற்கு மேலும் ஆன எல்லோருக்கும் தனித்தனி உரிமம் தேவை.

"பிடித்துத் தின்னாமல் எதற்கு இவ்வளவு தூரம்?" என்று நம் ஆட்கள் கேட்காமல் இருக்க மாட்டார்கள். நியாயமான கேள்விதான், நானும் முதல் வருடம் கேட்டேன். 28 அங்குல வால்ஐ ஒன்றைக் கையில் ஏந்திப் பார்த்த பிறகு கேட்கவில்லை. இந்தக் குளிர்ப் பிரதேசத்தில் மீன் மெதுவாக வளரும், அந்த அளவுக்கு வரப் பத்து வருடத்துக்கு மேல் ஆகும், அந்த நேரத்தில் அதன் வயிற்றில் லட்சக்கணக்கில் சினை இருக்கும். காகித ஆலைக் கழிவும் ஊர்ச் சாக்கடையும் கலந்து ஒரு காலத்தில் இந்த ஆறு நாறிக் கிடந்தது. 1970-களில் சட்டங்கள் கடுமையான பிறகுதான் மெல்ல மெல்லத் தெளிந்தது, வால்ஐயும் ஸ்டர்ஜன் என்ற ராட்சத ஆற்று மீனும் திரும்பி வந்தன. அப்படி மீண்டு வந்த ஆற்றில் முட்டையிடப் போகும் தாயைக் குழம்பில் போட எனக்கு மனம் வராது. சாப்பிடுகிற அளவு மீனை மே மாதத்துக்குப் பிறகு ஏரியில் பிடித்துக்கொள்ளலாம்.

எந்த வாரம் போவது என்பதுதான் கடினமான கேள்வி, அதை ஆறுதான் சொல்லும். பனி மேலிருந்து கீழாக உடைகிறது. முதலில் அணையின் கீழே, பிறகு பர்ச்டேல் பக்கம், அப்புறம் கிளெமென்ட்ஸன், கடைசியில் பாடெட் ஊரும் ஏரி முகமும். சில வருடம் மார்ச் நடுவிலேயே பர்ச்டேல் படகுத்துறை திறந்துவிடும், சில வருடம் ஏப்ரல் பிறந்தும் பனி அசையாது. அதனால் நாங்கள் தேதியை முன்கூட்டியே முடிவு செய்வதில்லை. மார்ச் கடைசி வாரம், ஏப்ரல் முதல் வாரம் என்று இரண்டு வார இறுதிகளை வீட்டில் சொல்லி வைத்துவிட்டு, பாடெட் பக்கத்து இரைக்கடைகளுக்குப் போன் போட்டுக் கேட்டுக்கொண்டே இருப்போம். கேட்க வேண்டியவை மூன்று: எந்தத் துறை வரை தண்ணீர் திறந்திருக்கிறது, தண்ணீர் எவ்வளவு தெளிவு, லிட்டில் ஃபோர்க்கும் பிக் ஃபோர்க்கும் உடைந்துவிட்டனவா.

அந்த மூன்றாவது கேள்வி முக்கியம். லிட்டில் ஃபோர்க், பிக் ஃபோர்க் இரண்டும் தெற்கிலிருந்து ரெய்னியில் சேரும் கிளை ஆறுகள். அவற்றின் பனி உடையும்போது சேறும் மரக்கட்டையும் பனிப்பாளமும் சேர்ந்து இறங்கும், பெரிய ஆறு பால் ஊற்றாத காப்பி போல ஆகிவிடும். அந்த இரண்டு மூன்று நாள் ஊரில் இருப்பதே நல்லது. மீன் எங்கேயும் போகாது, ஆனால் நம் இரை அதன் கண்ணில் படாது. பனிப்பாளம் படகில் மோதும் ஆபத்து வேறு.

யாரோடு போவது

படகுக்கு மூன்று பேர், அதிகம் போனால் நான்கு. தனியாகப் போகாதீர்கள், நீந்தத் தெரிந்தாலும் போகாதீர்கள். அப்போது தண்ணீர் 33 முதல் 40 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 1 முதல் 4 டிகிரி செல்சியஸ். அதில் விழுந்தால் 1-10-1 என்று இங்கே கணக்குச் சொல்வார்கள். மூச்சிரைப்பு அடங்க 1 நிமிடம், கைகால் சொன்னபடி கேட்பது சுமார் 10 நிமிடம் மட்டும், நினைவு தப்ப ஏறக்குறைய 1 மணி நேரம். அந்த முதல் நிமிடத்தில் தலை தண்ணீருக்கு மேலே இருக்க வேண்டுமானால் உயிர்காப்பு அங்கி உடம்பில் இருக்க வேண்டும், இருக்கைக்கு அடியில் இருந்து பயனில்லை. கோட்டுக்கு மேலே போட்டால் அசௌகரியம் என்று எங்களில் ஒருவர் கழற்றி வைத்தார். அவர் மறுபடி போட்டுக்கொள்ளும் வரை நாங்கள் கரையை விட்டுக் கிளம்பவில்லை.

வேலைகளைக் காலையிலேயே பிரித்துக்கொள்ளுங்கள். ஒருவர் படகு, ஒருவர் நங்கூரம், ஒருவர் வலையும் கேமராவும். எங்கள் கூட்டத்தில் முட்டத்துக்காரர் ஒருவர் இருக்கிறார், அப்பா கட்டுமரத்தில் போனவர். ஆற்று மீன் அவருக்குப் புதிது, ஆனால் தண்ணீரின் மேல்தோலைப் பார்த்து அடியில் என்ன இருக்கிறது என்று சொல்வதில் இங்கே பிறந்தவர்களுக்குச் சளைத்தவரில்லை. நங்கூரம் எங்கே விழ வேண்டும் என்பது அவர் முடிவு, அதில் வேறு யாரும் தலையிடுவதில்லை.

விசாவில் இருப்பவர்கள் பாஸ்போர்ட்டையும் நுழைவுப் பதிவான ஐ-94 தாளையும் நீர் புகாத பையில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள், எல்லைக் காவலர் கேட்டால் காட்ட வேண்டும். எல்லைக்கோடு ஆற்றின் உள்ளேதான் ஓடுகிறது. ஒன்டாரியோ பக்கத் தண்ணீரில் தூண்டில் போட அந்த மாகாண உரிமம் வேண்டும், எல்லை விதிகளும் சேர்ந்துகொள்ளும். முதல் முறை போகிறவர்கள் ஜி.பி.எஸ். வரைபடத்தைப் பார்த்துக்கொண்டே மினசோட்டா பாதியில் இருந்துவிடுங்கள், மீன் இந்தப் பக்கமும் போதிய அளவு உண்டு.

சாமான்

தூண்டில் கோலைப் பெரிதாக யோசிக்க வேண்டாம். ஆறரை அடி முதல் ஏழு அடி வரை, நுனி சட்டென்று உணர்த்தக்கூடிய நடுத்தர ஸ்பின்னிங் கோல், 2500 அளவு ரீல். நரம்பு விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். 10 பவுண்டு பின்னல் நரம்பு, அதன் முனையில் மூன்றடிக்கு 8 அல்லது 10 பவுண்டு ஃப்ளோரோகார்பன், அதாவது தண்ணீரில் எளிதில் கண்ணில் படாத ஒற்றை இழை நரம்பு. பின்னல் நரம்பு நீளாது, 15 அடி ஆழத்தில் ஈயம் கல்லில் உரசுவதுகூட விரலுக்குத் தெரியும். ஆனால் காற்றே உறைநிலைக்குக் கீழே போன காலைகளில் அது தண்ணீரை உறிஞ்சி வளையங்களில் பனியாக உறைந்துவிடும். அதற்காக ஒரு ரீலில் சாதாரண ஒற்றை இழை நைலான், ஊரில் தங்கூசி என்போமே அது, சுற்றி வைத்திருக்கிறோம். வளையத்தில் பனி கட்டினால் கோல் நுனியைத் தண்ணீரில் முக்கி எடுங்கள், கரைந்துவிடும். விரலால் உடைத்தால் வளையத்துக்குள் இருக்கும் பீங்கான் தெறித்துவிடும்.

இந்த ஆற்றுக்கு உரிய ஆயுதம் ஜிக், அதாவது ஈயத் தலையோடு வார்த்த ஒற்றை முள். கால் அவுன்ஸ், முக்கால் அரை என்று நாங்கள் சொல்லும் எட்டில் மூன்று அவுன்ஸ், அரை அவுன்ஸ் என மூன்று எடையிலும் ஆளுக்குப் பத்துப் பதினைந்து வைத்துக்கொள்ளுங்கள், கிராமில் சொன்னால் சுமார் 7, 11, 14. அடியில் பாறையும் மூழ்கிய மரமும் இருப்பதால் ஒரு நாளைக்கு ஆறேழு போய்விடும். நிறம்: பச்சை கலந்த மஞ்சள், ஆரஞ்சு, ரோஸ், பொன். கலங்கலில் பளிச்சென்ற நிறம், தெளிவில் பொன். இதற்கு மேல் நிறத்தில் ஆராய்ச்சி தேவையில்லை என்பது என் அபிப்பிராயம். எடைதான் மீனைக் கொண்டுவருகிறது.

இரைக்கு உறைய வைத்த எமரால்ட் ஷைனர். விரல் நீளத்தில் கெண்டைக் குஞ்சு போல வெள்ளியாக மின்னும், உள்ளூர்க் கடைகளில் பைகளில் கிடைக்கும். அதோடு நாலங்குல ரப்பர் மீன்கள் சில, வால் துடிக்கும் வகை. வாய் அகன்ற, ரப்பர் பூசிய கைவலை ஒன்று. நூல் வலை மீனின் மேலிருக்கும் வழுவழுப்பையும் துடுப்பையும் கிழித்துவிடும், வேண்டாம். நீள மூக்குக் குறடு, அங்குலம் குறித்த அளவுப்பலகை, பழைய துண்டுகள் நான்கு, இரண்டு ஜோடிக் கையுறை, காலணிக்கு அடியில் மாட்டும் ஆணிப்பட்டை. பெரிய பிளாஸ்க்கில் இஞ்சி டீ. புளியோதரையைச் சூடு காக்கும் டப்பாவில் எடுத்துப் போங்கள், சாதாரண டப்பாவில் வைத்தால் பதினொரு மணிக்கெல்லாம் கல்லாகிவிடும்.

படகுத்துறையில்

மினியாபொலிஸிலிருந்து சுமார் ஐந்து மணி நேரப் பயணம், கடைசிப் பகுதி ஆற்றை ஒட்டி ஓடும் 11-ஆம் எண் நெடுஞ்சாலை. பாடெட் ஊரில் வில்லி என்ற 40 அடி நீள வால்ஐ சிலை நிற்கிறது, 1959-ல் வைத்தது. புதிதாக வருகிறவர்களை அதன் முன்னால் நிறுத்திப் படம் எடுப்பது எங்கள் வழக்கம்.

சனிக்கிழமை காலையில் துறைகளில் வண்டி வரிசை நீளமாக நிற்கும். வரிசையில் நிற்கும்போதே படகைத் தயார் செய்துவிடுங்கள், சரிவில் இறங்கிய பிறகு சாமான் ஏற்றிக்கொண்டிருந்தால் பின்னால் நிற்பவர்கள் எல்லோரும் காத்துக் கிடக்க வேண்டும். சரிவு முழுக்க முந்தைய படகுகள் சிந்திய தண்ணீர் உறைந்து கண்ணாடியாக இருக்கும். ஒரு வாளி மணல் கொண்டுபோய் டயர் போகும் தடத்தில் தூவுங்கள்.

அடைப்பான் கதையைச் சொல்ல வேண்டும். மினசோட்டா சட்டப்படி படகைச் சாலையில் இழுத்துப் போகும்போது அடியில் உள்ள வடிகால் அடைப்பானைக் கழற்றியே வைத்திருக்க வேண்டும், ஒரு ஏரியின் தண்ணீரும் அதிலுள்ள வேண்டாத உயிர்களும் இன்னொரு ஏரிக்குப் போய்விடக் கூடாது என்பதற்காக. ஆகவே இறக்குவதற்கு முன் மறுபடி மாட்ட வேண்டும். எங்கள் இரண்டாவது வருடம், மாட்டியாகிவிட்டது என்று ஒவ்வொருவரும் மற்றவரை நம்பி இறக்கிவிட்டோம். இருநூறு அடி போன பிறகு பின்னால் உட்கார்ந்தவர் பூட்ஸ் நனைகிறதே என்றார். கணுக்கால் வரை பனித் தண்ணீர். மோட்டாரை முடுக்கிக் கரைக்கு வந்து வண்டியில் ஏற்றும் வரை யாரும் பேசவில்லை. அன்றிலிருந்து அடைப்பானை மாட்டுகிறவர் "மாட்டிட்டேன்" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும், இன்னொருவர் குனிந்து தொட்டுப் பார்க்க வேண்டும்.

தண்ணீரைப் படிப்பது

முதலில் தெளிவு. ஒரு வெள்ளை ஜிக்கைத் தண்ணீரில் இறக்கி எந்த ஆழத்தில் மறைகிறது என்று பாருங்கள். ஒரு அடிக்கு மேல் தெரிந்தால் நல்ல நாள். ஒரு சாண் தெரிந்தால் பரவாயில்லை, உழைக்க வேண்டும். நாலு விரலிலேயே மறைந்தால் இடம் மாறுங்கள், கிளை ஆற்று முகத்துக்கு மேலே போங்கள், அல்லது கலங்கலும் தெளிவும் கோடு போட்டது போலச் சேரும் ஓரத்தைத் தேடுங்கள்.

அடுத்தது வெப்பம். 34, 35 டிகிரி ஃபாரன்ஹீட்டில் மீன் மடுக்களில் அடங்கிக் கிடக்கும். 38, 39 என்று ஏறும்போது நகரத் தொடங்கும். 42-லிருந்து 50 டிகிரிக்குள் முட்டையிடும். பெரிய பெண் மீன் தூண்டிலுக்கு நன்றாக வருவது முட்டையிடுவதற்கு முந்தைய அந்த நாட்களில்தான். முதல் நாள் 36, மறுநாள் மதியம் 38 என்று மானி காட்டினால் அன்றைய மாலையை விட்டுவிடாதீர்கள்.

மூன்றாவது, மீன் எங்கே நிற்கும்? சினை சுமந்த பெரிய மீன் நீரோட்டத்தோடு மல்லுக்கட்டாது. ஓட்டம் வேகமாகவும் மெதுவாகவும் ஓடும் இரண்டு தண்ணீர் சேரும் விளிம்பில், மெதுவான பக்கம் ஒதுங்கி, வேகமான பக்கம் அடித்து வரும் இரையைப் பார்த்துக்கொண்டு நிற்கும். ஆற்றின் வளைவில் உட்பக்கம், மடுவின் மேல்விளிம்பு, கூழாங்கல் மேட்டின் பின்புறம், சிற்றோடை கலக்கும் வாய், இப்படியான இடங்கள். ஆழம் பகலில் 10 முதல் 18 அடி, சாயங்காலம் 5, 6 அடிக்கே ஏறிவிடும். மேற்பரப்பில் ஒரு பக்கம் நெளிநெளியாகவும் மறுபக்கம் எண்ணெய் தடவியது போலவும் இருந்தால் நடுவே ஓடுகிற கோடுதான் அந்த விளிம்பு. முட்டத்துக்காரர் அதைக் கைநீட்டிக் காட்டுவார், ஆழம் காட்டும் ஒலிமானியில் பார்த்தால் அங்கே ஆற்றுத் தரை இரண்டு அடி இறங்கியிருக்கும்.

ஐம்பது படகு கூட்டமாக நிற்கிற இடத்தில் போய் ஒட்டிக்கொள்ளாதீர்கள். அங்கே மீன் உண்டு, ஆனால் பெரும்பாலும் சிறிய ஆண் மீன்கள். பெரியது வேண்டுமானால் கூட்டத்திலிருந்து அரை மைல் தள்ளி, யாரும் நிற்காத சின்ன விளிம்பு ஒன்றைத் தேடிப் பொறுமையாக உட்காருங்கள். எங்களுக்குக் கிடைத்த மூன்று பெரிய மீன்களும் அப்படித்தான் கிடைத்தன.

நங்கூரம்

ஆற்றில் நங்கூரத்தைப் படகின் முன்பக்கத்திலிருந்து மட்டுமே இறக்க வேண்டும், நம் கடலோரத்தில் அணியம் என்கிற பக்கம். பின்பக்கத்தில் கட்டினால் ஓட்டம் பின்பலகையை அழுத்தி, தண்ணீர் உள்ளே ஏறி, படகு சில நொடிகளில் மூழ்கிவிடும். இதில் விதிவிலக்கே கிடையாது. 20 பவுண்டுக்குக் குறையாத நங்கூரம், ஆழத்தைப் போல ஐந்தாறு மடங்கு கயிறு. கயிற்றின் மறுமுனையில் ஒரு மிதவையைக் கட்டி வையுங்கள். பனிப்பாளம் மிதந்து வந்தாலோ, ஆளுயர ஸ்டர்ஜன் ஒன்று மாட்டி இழுத்துக்கொண்டு போனாலோ, கயிற்றைக் கழற்றித் தண்ணீரில் விட்டுவிட்டுப் போய், பிறகு வந்து மிதவையைப் பிடித்து எடுத்துக்கொள்ளலாம். ஸ்டர்ஜன் மாட்டுவது இந்த ஆற்றில் அடிக்கடி நடக்கும்.

இரையைக் கோத்துப் போடுவது

இதைப் பொறுமையாகக் கற்றுக்கொள்ளுங்கள். பாதி உருகிய ஷைனரை எடுத்து, முள் முனையை வாய்க்குள் விட்டுச் செவுள் வழியாக வெளியே கொண்டுவாருங்கள். முள்ளை முழுக்க இழுத்து, அரைச் சுற்று திருப்பி, முதுகுத் துடுப்புக்குச் சற்று முன்னால் முதுகில் குத்தி வெளியே எடுங்கள். இப்போது மீனின் வாய் ஈயத் தலையோடு ஒட்டி, உடம்பு முள்ளின் தண்டோடு நேராகப் படுத்திருக்க வேண்டும். வளைந்திருந்தால் ஓட்டத்தில் பம்பரம் மாதிரி சுற்றும், நரம்பும் முறுக்கிக்கொள்ளும், மீனும் தொடாது. விறைத்த விரலால் இதைச் செய்வது சிரமம், ஆகவே ஒரு கையுறையின் பெருவிரல், ஆள்காட்டி விரல் நுனியை வெட்டிவிடுங்கள்.

படகு ஓட்டத்தில் நேராக நின்றதும் ஜிக்கைப் பின்புறம் இறக்கி, அடியைத் தொட்டதும் நரம்பை இறுக்குங்கள். இங்கேதான் எடை தெரியும். ஓட்டம் ஜிக்கைத் தூக்கிக்கொண்டு போனால் எடை போதாது. அசையாமல் ஆணி அடித்தது போல நின்றால் எடை அதிகம். நாம் ஒரு சாண் தூக்கினால் மெதுவாக இரண்டடி நகர்ந்து மறுபடி அடியில் உட்கார வேண்டும், அதுதான் சரியான எடை. முதல் அரை மணி நேரம் மூன்று பேரும் மூன்று எடை, மூன்று நிறம் போடுங்கள், முதல் இரண்டு மீன் எதற்கு வருகிறதோ எல்லோரும் அதற்கு மாறிவிடுங்கள். நண்பர்களோடு போவதன் பெரிய லாபம் இது. தனி ஆள் காலை முழுக்கத் தேடுவதை மூன்று பேர் அரை மணியில் கண்டுபிடித்துவிடலாம், ஆனால் எதில் கொத்தியது என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

அப்புறம் கையைச் சும்மா வைத்திருங்கள். நம்மில் பலர் செய்யும் தவறு அதிகமாக ஆட்டுவதுதான். குளிர்ந்த தண்ணீரில் மீனின் உடம்பே மந்தமாக இருக்கிறது, துள்ளும் இரையைத் துரத்தாது. ஒரு சாண் தூக்கு, இறக்கு, பத்து வரை எண்ணு. பெரிய மீன் கொத்துவது டொக் என்று வராது. தூக்கும்போது ஈரத் துணி மாட்டியது போல ஒரு கனம் இருக்கும், அவ்வளவுதான். மரக்கிளையோ என்று சந்தேகம் வந்தால் அதை மீன் என்றே வைத்துக்கொண்டு கோலை நிதானமாக உயர்த்துங்கள்.

நங்கூரம் போடாமல் முன் மோட்டாரால் படகை ஓட்டத்தைவிடச் சற்று மெதுவாக வழுகவிட்டு, நரம்பு செங்குத்தாக இருக்கும்படி ஜிக்கை இறக்கிக்கொண்டே போவது இன்னொரு முறை. மீன் இருக்கும் இடம் தெரியாத முதல் நாளுக்கு அதுதான் நல்லது. சாயங்காலம் வெளிச்சம் குறையும்போது, மரத்தில் செய்த மெலிந்த நீளப் போலி மீன் ஒன்றைக் கட்டி, ஆற்றை எதிர்த்து மணிக்கு ஒரு மைல் வேகத்தில் 5 முதல் 8 அடி ஆழ ஓரத்தை ஒட்டி இழுங்கள். ஓட்டமே அதை ஆட்டிக்கொள்ளும். அப்போது வரும் மீன்களின் எண்ணிக்கை குறைவு, அளவு பெரிது.

மாட்டிய பிறகு

"பெருசு" என்று ஒருவர் சொன்னதும் மற்றவர்கள் உடனே தங்கள் நரம்பைச் சுற்றி எடுத்துவிட வேண்டும், இது எங்கள் முதல் விதி. பெரிய வால்ஐ துள்ளாது, ஓடாது, அடியிலேயே கனமாக நின்று தலையை இடமும் வலமும் உதறும். ரீலில் நரம்பை இறுக்கிப் பிடிக்கும் விசையை முன்பே தளர்த்தி வைத்திருங்கள், அது உதறும்போது நரம்பு கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும். அவசரப்பட்டு இழுத்தால் முள் வாயைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும். வலைக்காரர் வலையைத் தண்ணீரில் வைத்துக் காத்திருக்க வேண்டும், மீனைத் துரத்தக் கூடாது. தலை வலைக்குள் வந்ததும் தூக்குங்கள், வால் பக்கத்திலிருந்து ஒருபோதும் வேண்டாம்.

போன வருடத்து ஏப்ரல் மாலை ஒன்றைச் சொல்கிறேன். மதுரைக்கார நண்பருக்கு அது முதல் பயணம், மூன்று நாளில் கையளவு மீன் மட்டுமே. கடைசி நாள் ஐந்தரை மணிக்கு அவர் கோல் மெதுவாக வளைந்தது, இழுத்தார், வளைந்தபடியே நின்றது. "கல்லுல மாட்டிடுச்சு" என்றார். அந்தக் கல் இரண்டடி மேலேறி வந்தது. தண்ணீருக்கு ஒரு அடி கீழே முதலில் தெரிந்தது கண் மட்டும், சாய்ந்த வெயில் பட்டு ஆரஞ்சுத் தணலாக. பிறகுதான் அதைச் சுற்றியிருந்த உடம்பு தெரிந்தது. 29 அங்குலம், சுற்றளவு 16. வலையிலிருந்து மீண்டும் ஆற்றுக்குள் போகும் வரை அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. கை இரண்டும் நடுங்கின, குளிரால் இல்லை.

எடை பார்க்க மீனைத் தொங்கவிட வேண்டாம். நீளத்தைச் சுற்றளவின் வர்க்கத்தால் பெருக்கி 800-ஆல் வகுத்தால், எல்லாம் அங்குலத்தில், எடை பவுண்டில் ஏறக்குறைய வரும். அவருடைய மீன் 9 பவுண்டுக்குச் சற்று மேல், நாலு கிலோ. 28 அங்குலத்தைத் தாண்டினாலே இங்கே பெரிய மீன், 30 அங்குலம் என்பது பலருக்கு வாழ்நாள் மீன்.

திருப்பி விடுவது

மீனை வலையோடு தண்ணீரிலேயே வைத்துக்கொண்டு முள்ளைக் கழற்றுங்கள். கேமரா தயாரா, யார் எங்கே நிற்பது, எல்லாம் முடிவான பிறகுதான் வெளியே எடுக்க வேண்டும். கையுறையைக் கழற்றி, கையை ஆற்றில் நனைத்து, ஒரு கை தாடைக்குப் பின்னால் அடிப்புறம், மறு கை வயிற்றுக்கும் வாலுக்கும் நடுவே, படுக்கை வாட்டத்தில் ஏந்துங்கள். செவுளுக்குள் விரல் விடக் கூடாது, வாய்க்குள்ளும் வேண்டாம், பல் ஊசி மாதிரி இருக்கும். சினை வயிற்றை அழுத்தவே கூடாது. பத்து நொடி, இரண்டு படம், திரும்பத் தண்ணீருக்கு. காற்று உறைநிலைக்குக் கீழே இருந்தால் செவுளும் கண்ணும் சீக்கிரம் உறைந்து புண்ணாகிவிடும், அந்த மாதிரி நாளில் வலையில் வைத்தே படம் எடுத்து விட்டுவிடுங்கள். நீளமும் சுற்றளவும் குறித்து, பக்கவாட்டில் ஒரு படம் இருந்தால் போதும், சுவரில் மாட்டும் மாதிரியை ஃபைபரில் அச்சு அசலாகச் செய்து தரும் கலைஞர்கள் இருக்கிறார்கள்.

ஆற்றில் விடும்போது தலை ஓட்டத்தை எதிர்த்து இருக்கட்டும், வாலடியைத் தளர்வாகப் பிடித்துக்கொள்ளுங்கள். முன்னும் பின்னும் இழுத்து ஆட்டத் தேவையில்லை, ஓட்டமே செவுள் வழியாகப் போய் வேலையைச் செய்யும். அதுவாக உதறிக்கொண்டு போகும் வரை விடாதீர்கள், சில மீனுக்கு ஒரு நிமிடமும் ஆகும். கை மரத்துப் போகும், பரவாயில்லை, துண்டு இருக்கிறது, டீ இருக்கிறது.

நாள் முடிந்து கரைக்கு வந்ததும் மோட்டாரைச் செங்குத்தாக இறக்கி உள்ளே நிற்கும் தண்ணீரை வடியவிடுங்கள், இரவில் உறைந்தால் மோட்டாரின் வெளிக்கூடு வெடித்துவிடும். ஒட்டிய பாசியைத் துடையுங்கள், இரைப் பெட்டித் தண்ணீரைத் துறையிலேயே கொட்டுங்கள். அடைப்பானைக் கழற்றியதும் நாங்கள் அதை வண்டிச் சாவியோடு ஒரே வளையத்தில் கோத்துவிடுகிறோம், மறுநாள் காலை சாவியை எடுப்பவர் கையில் அதுவும் வந்துவிடும்.